தித்தி கெராவாங் போகிறீர்களா?

பினாங்கில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் செல்லும் மலைச்சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது தித்தி கெராவாங் அருவி. வளைவில் சற்று அசந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள்; பழக்கடைகள் கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறையுங்கள். வண்டியை வளைவை ஒட்டி நிறுத்தவே வேண்டாம்.

மழைக்கு மறுநாள் காலைதான் நல்ல நேரம். வெயில் காலத்தில் பாறைதான் மிச்சம். குடிநீருக்கும் இங்கிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். அதனால் சோப்பு, ஷாம்பு வேண்டாம். பாசி படிந்த பாறையில் ஜப்பான் செருப்பு (ரப்பர் செருப்பு) வழுக்கும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் அடித்து வந்தால் மேலே மழை என்று பொருள்: பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே கரையேறுங்கள், பையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஜூன், ஜூலை டுரியான் பழக் காலம்; அப்போது போனால் அதற்கும் காசு எடுத்துவையுங்கள்.