சுடலை, இசக்கி, ஆவுடை: நெல்லைப் பெயர்களுக்குப் பொருள் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைப் பெயர்ப் புத்தகத்தில் இசக்கியும் பலவேசமும் இருக்காது. இல்லையென்றதும் அவை பொருளற்ற பட்டிக்காட்டுப் பெயர்கள் என்று தள்ளிவிடுவதுதான் பெரிய தவறு. இந்தப் பக்கத்துப் பெயர்களில் பல சாமி பெயர். பொருள் இருக்குமிடம் கோயில். யட்சி தமிழில் இயக்கியாகி, வாய்வழக்கில் இசக்கி ஆனாள். மாசானம் என்பது மயானம். சுடலை சுடுகாடு, அங்கே காவல் நிற்கும் மாடன் என்ற காவல் சாமியின் பெயர். பலவேசம், பலவேசக்காரன் என்ற மாடன். 'சுடுகாட்டுப் பேரா?' என்று கூசி சுடலைமுத்துவை சுதர்சன் ஆக்கும்போது, குலதெய்வத்துக்கு இருந்த தடமும் போகிறது. பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா (அய்யனார்) கோயிலுக்குப் போவது என்று தெரியாத வீடுகளில், முன்னோர் பெயர்ப் பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சொரிமுத்து என்றிருந்தால் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில்.

ஒலியை நம்பி ஊகிப்பது அடுத்தது. கற்குவேலில் 'வேல்' இருப்பதால் முருகன் என்பார்கள். அவர் தேரிக்குடியிருப்பு அய்யனார். வானமாமலை ஏதோ மலையல்ல, நாங்குநேரிப் பெருமாள். தோத்தாத்ரி என்பதும் அவரையொட்டிய பெயரே. ஆவுடையம்மாள் என்றால் லிங்கத்தின் பீடம் என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. சங்கரன்கோவில் கோமதிக்குத் தமிழில் ஆவுடையம்மை என்றே பெயர். 'கோ'வும் 'ஆ'வும் பசுதான். ஆகவே அந்த வட்டாரத்தில் கோமதியும் ஆவுடையும் ஒரே அம்மன் பெயர்கள்.

பழைய பத்திரம் வைத்து வம்சாவளி எழுதுவோர் சறுக்குமிடம் வேறு. மூத்த பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பேரை இடுவது வழக்கம். சங்கரலிங்கம் மகன் ஆவுடையப்பன், அவர் மகன் மறுபடி சங்கரலிங்கம். அண்ணன் தம்பி நாலு பேர் என்றால், நாலு வீட்டிலும் ஒரு சங்கரலிங்கம். தகப்பன் பெயரும் பத்திர வருஷமும் சேர்த்துக் குறிக்காவிட்டால் இரண்டு ஆள் ஒன்றாகிவிடுவார்கள். மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்பதால் பிள்ளைக்கு 'ராசா', 'அய்யா' என்று வீட்டுப்பெயர் ஒட்டிக்கொள்ளும். கிழவிகளிடம் விசாரிக்கும்போது அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டம், கோத்திரம், கிளை மூன்றையும் குழப்புவது கல்யாணப் பேச்சில்தான் வினையாகும். பிள்ளை, தேவர், நாடார் என்பவை பட்டம். வம்சக் கிளையைச் சொல்லாது. பிராமணர் கோத்திரம் தந்தைவழி, கல்யாணமான பெண்ணுக்குக் கணவன் கோத்திரம். கொண்டையங்கோட்டை மறவர் கிளை நேர்மாறு: பிள்ளைக்குத் தாயின் கிளை. மிளகு, வெற்றிலை, தென்னை, கமுகு, ஈச்சை, பனை என்று 6 கொத்து, கொத்துக்கு 3 கிளை என்பது பழைய கணக்கு. ஒரே கிளைக்குள் சம்பந்தம் கிடையாது. அப்பாவின் கிளையைச் சொல்லிவிட்டால் பொருத்தமே தப்பு. கோத்திரம் தெரியாதவர் அர்ச்சனைக்குச் சொல்லும் 'சிவ கோத்திரம்' அந்தத் தட்டோடு முடிந்தது. ஜாதகத் தாளில் எழுதாதீர்கள்.

கடைசியாக எழுத்து. ஆங்கிலத்தில் இசக்கியை ஐ (I) போட்டும் எழுதுகிறார்கள், ஈ (E) போட்டும் எழுதுகிறார்கள். எதுவானாலும் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று மூன்றிலும் ஒன்றே இருக்கட்டும். பெயரில்லாமல் பதிந்த பிறப்புக்கு 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் உண்டு.