கிராஞ்சியில் கேமராவை எடுக்கும் முன்

சிங்கப்பூரின் கிராஞ்சி போர்க் கல்லறையில் வீடியோ எடுப்பதே மரியாதைக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. நேரில் வர முடியாத குடும்பத்துக்கு, பெயர் பொறித்த ஒரு கல்லின் படம் எத்தனை பெரிய ஆறுதல்! எப்படி எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

முதல் பத்து நிமிடம் போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டாம் உலகப் போரில் மாண்ட 4,400-க்கும் மேற்பட்டோர் இங்கே துயில்கிறார்கள். 850-க்கும் மேற்பட்டோரின் கற்களில் பெயரே இல்லை. சில கற்களின் அடியில் குடும்பத்தார் எழுதித் தந்த ஓரிரு வரிகள் உண்டு. குனிந்தால்தான் படிக்க முடியும். படித்துவிட்டு எடுங்கள், உங்கள் கை தானாகவே நிதானப்படும்.

கல்லில் சாயாதீர்கள், அதன் அடியில் உள்ள செடிகளை மிதிக்காதீர்கள். பாட்டு, ஆட்டம், சிரித்த முகத்துடன் செல்ஃபி எதுவும் வேண்டாம். யாராவது பூவோடு வந்து நின்றால் கேமராவை உடனே இறக்கிவிடுங்கள். அவர்களுடைய அழுகை நம் காட்சி அல்ல. திரைப்படம், விளம்பரம், டிரோன் என்றால், இந்த இடத்தைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

மேட்டின் மேல், கல்லறை கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சுவர்களில் இருக்கின்றன. இந்திய வீரர்களும் அவர்களில் உண்டு. அங்கே கேமராவை மெதுவாக நகர்த்துங்கள், பார்ப்பவர் ஒரு பெயரையாவது முழுதாகப் படிக்கும் அளவுக்கு.