தலையில் எழுதிய பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? நடுத்தர விலையில் கிட்டார் வாங்குபவர்களுக்கு

மார்த்தாண்டம் பக்கம் சர்ச் பாட்டுக்குழுவில் கிட்டார் பிடிக்கும் பையன்கள் என்னிடம் வந்தால் முதல் கேள்வியே "எந்த பிராண்டு வாங்கலாம்ணே?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. முதல் கேள்வி டாப், அதாவது முன்பலகை, சாலிடா (அடுக்கி ஒட்டாத தனி மரமா) என்பது, இரண்டாவது கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் பெயரைப் பற்றிப் பேசவே வேண்டும்.

நான் சொல்லும் நடுத்தர விலை ஏறக்குறைய 15,000 ரூபாயிலிருந்து 35,000 வரை. இதற்குக் கீழே பெரும்பாலும் எல்லாப் பலகையும் லேமினேட், அதாவது பிளைவுட் மாதிரி ஒட்டிச் செய்தது. இந்த விலைக்குள் வந்தால் முன்பலகை மட்டும் சாலிட், பின்பலகையும் பக்கப்பலகையும் லேமினேட். கிட்டாரில் சத்தத்தை முக்கியமாக உண்டாக்குவது முன்பலகைதான் என்பதால் அதற்குக் கொடுக்கும் காசு வீணாகாது. ஒட்டுப்பலகை விறைப்பாக இருக்கும், அவ்வளவாக அதிராது. நல்ல சாலிட் டாப் வாசிக்க வாசிக்கக் கொஞ்சம் திறந்து கொடுக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சத்தத் துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் மரத்தின் ரேகை விளிம்பிலும் அப்படியே இறங்கினால் சாலிட், விளிம்பில் அடுக்கு அடுக்காகக் கோடு தெரிந்தால் ஒட்டு. சில கம்பெனிகள் விளிம்பில் பெயின்ட் அடித்து மறைத்துவிடும். அப்போது விவரச் சீட்டைப் படியுங்கள். "சாலிட் ஸ்ப்ரூஸ் டாப்" என்று இருந்தால் சரி (ஸ்ப்ரூஸ் என்பது ஒரு மரம்). வெறும் "ஸ்ப்ரூஸ் டாப்" என்று மட்டும் இருந்தால் அனேகமாக லேமினேட்தான், ஏனென்றால் சாலிடாக இருக்கும் பலகையை எந்தக் கம்பெனியும் சொல்லாமல் விடாது.

பின்பலகை ரோஸ்வுட் என்று சொல்லி ஐந்தாயிரம் கூடுதலாகக் கேட்டால் மயங்க வேண்டாம். இந்த விலையில் அது மேலே ஒட்டிய மெல்லிய தோல். ஆனால் ரோஸ்வுட் என்றதும் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது, அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். 1833-இல் அமெரிக்காவில் தொடங்கிய மார்ட்டின் கம்பெனி, பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கடினமானதும் 1969 முதல் இந்திய ஈட்டிக்கு மாறியது. நம் ஆசாரிகள் கதவுக்கும் கட்டிலுக்கும் இழைத்த மரம் அங்கே பெரிய விலைக்குக் கிட்டாராகிறது!

இனி கம்பி உயரம், இதைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள். கடைக்குப் போகும்போது நான்கு ஏடிஎம் கார்டுகள் கொண்டு போங்கள், புடைத்த எழுத்து இல்லாததாக. ஒரு கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையின்) மேல், தடித்த ஆறாவது கம்பிக்கு அடியில் மூன்று கார்டை அடுக்கிச் செருகுங்கள். கம்பியைத் தூக்காமல் உரசிக்கொண்டு போனால் அருமை. நான்கும் தாராளமாகப் போனால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நிற்கிறது என்று அர்த்தம், ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் "பார்" பிடியைப் பிடிப்பதற்குள் விரல் வெந்துவிடும்.

உயரமாக இருந்தாலே ஒதுக்கிவிட வேண்டும் என்றில்லை. முன்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டைதான் பிரிட்ஜ், அதில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் வெள்ளைப் பட்டையான சேடிலைப் பாருங்கள். அது பிரிட்ஜுக்கு மேலே நன்றாக எழும்பி நின்றால் அடியைத் தேய்த்துக் குறைத்துக்கொள்ளலாம், சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் குறைத்தால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒன்று குறையும். சேடில் ஏற்கெனவே தாழ்ந்திருந்து, கம்பி மட்டும் உயரத்தில் நின்றால் நெக், அதாவது கழுத்து, பொருந்திய கோணமே கோணல். அதைச் சரிசெய்யும் செலவு இந்த விலைக் கிட்டாருக்குக் கட்டாது. என்ன பெயர் எழுதியிருந்தாலும் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் ஒவ்வொரு கம்பியையும் எல்லா ஃப்ரெட்டிலும் ஒருமுறை அழுத்தி மீட்டுங்கள், எங்கேயாவது இரைகிறதா என்று தெரிந்துவிடும். போனில் ட்யூனர் ஆப் போட்டு, சும்மா விட்ட கம்பியையும் அதையே பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தியதையும் பாருங்கள். இரண்டும் ஒரே சுரத்தில் ஒட்டி நிற்க வேண்டும்.

இப்போது பெயர் விஷயம். நான் முதலில் வாங்கிய கிட்டார் தலையில் பெரிய பெயர் இருந்தது (எது என்று சொல்ல மாட்டேன்). கையில் பிடித்தே பார்க்காமல், பெயரை நம்பி ஆன்லைனில் போட்டேன். வந்தது முழு லேமினேட். இரண்டாவது இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையோடு பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு உப்பி, கார்டு ஐந்து போகும் அளவுக்குக் கம்பி ஏறிவிட்டது. சரி, தலைமுழுகிவிடலாம் என்று விற்கப் போட்டால், குறையைச் சொன்ன பிறகும் ஒரே நாளில் போய்விட்டது, அதுவும் நான் எதிர்பார்த்ததற்கு மேல். வாசிக்க உதவாத பெயர் விற்க உதவியது.

அப்படியானால் பெயருக்கு மதிப்பு உண்டு, ஆனால் எங்கே உண்டு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மறுவிற்பனையில் உண்டு. கணக்குக்காகச் சொல்கிறேன்: தெரிந்த பெயரை 22,000-க்கு வாங்கி மூன்று வருடம் கழித்து 13,000-க்குக் கொடுத்தால் நஷ்டம் 9,000. தெரியாத பெயரை 16,000-க்கு வாங்கி 5,000-க்குக் கொடுத்தால் நஷ்டம் 11,000. மலிவாக வாங்கியதுதான் கூடுதலாகக் கடித்திருக்கிறது. ஆனால் பத்து வருடம் விற்கப் போவதில்லை என்றால் இந்தக் கணக்கே வேண்டாம்.

இன்னொன்று, ஒரே சீராகச் செய்வது. யமஹா 1887-இல் ஆர்மோனியம் போன்ற ரீட் ஆர்கனில் தொடங்கி, 1966-இல் எஃப்ஜி வரிசைக் கிட்டாரைக் கொண்டுவந்தது. இன்றைய எஃப்ஜி800-ஐ எந்தக் கடையில் எடுத்தாலும் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருக்காது என்பது என் அனுபவம், அதனால் பார்க்காமல் வாங்கியே ஆக வேண்டியவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். ஃபெண்டர் சிடி-60எஸ் கூட சாலிட் டாப், நல்ல கிட்டார், ஆனால் அந்தப் பெயரின் பெருமை எலெக்ட்ரிக் கிட்டாரில் சம்பாதித்தது, அதற்காக அகூஸ்டிக்கில் (நாம் பேசும், மின்சாரம் இல்லாத கிட்டாரில்) கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கோர்ட் என்ற கொரியக் கம்பெனி வெளியில் மற்ற பிராண்டுகளுக்கும் கிட்டார் செய்து கொடுக்கிறது. பெயரில் பளபளப்பு குறைவு, அதே விலைக்கு மரம் கொஞ்சம் மேல் என்று எனக்குப் படும்.

இன்னும் கொஞ்சம் எட்டிப் பிடித்து மார்ட்டினே வாங்கிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பெயரில் எட்டுகிற எக்ஸ் வரிசை மெக்சிகோவில் செய்வது. பின்பலகையும் பக்கப்பலகையும் காகிதமும் பிசினும் சேர்த்து அழுத்திய தகடு, நாம் அலமாரிக் கதவில் ஒட்டும் மைக்காவின் சொந்தக்காரன். மட்டம் என்று சொல்லவில்லை, மழைக்காலத்தைத் தாங்குவதில் மரத்தைவிட அது கெட்டி. ஆனால் 1833-இன் பெருமை அந்தத் தகட்டுக்குள் இருக்கிறது என்று நினைத்துக் காசு கொடுக்காதீர்கள்.

பிக்கப், அதாவது சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி, வைத்த மாடல் வேண்டாம் என்பேன். அதே விலைக்கு அது வந்தால் மரத்தில் எங்கேயோ குறைத்திருப்பார்கள். சத்தத் துளையில் மாட்டும் பிக்கப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

கடைக்கு நாகர்கோவில் போனாலும் சரி, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போனாலும் சரி, வார நாளில் காலையில் போங்கள், கூட்டம் இருக்காது. திருவனந்தபுரத்தில் "சேட்டா, ஒந்நு பிடிச்சு நோக்கட்டே" (அண்ணா, ஒன்று பிடித்துப் பார்க்கட்டுமா) என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒரே மாடலில் இரண்டு கேட்டு வாங்கி மாற்றி மாற்றி வாசியுங்கள், இரட்டைப் பிள்ளைகளுக்கும் குரல் வேறு. பிடித்ததை முடிவு செய்ததும் "புதுப் பெட்டி உடைத்துத் தருகிறேன்" என்பார்கள். வேண்டாம், கையில் இருப்பதையே கட்டச் சொல்லுங்கள். ஆன்லைன் என்றால் வந்த அன்றே கார்டு வைத்துப் பாருங்கள், திருப்பி அனுப்பும் நாள் கடந்த பிறகு வருந்திப் பயனில்லை.

வீட்டில் சுவரில் ஆணியடித்து மாட்டாதீர்கள், நம் ஊர்ச் சுவர் ஜூன் தொடங்கி நவம்பர் வரை வியர்க்கும். கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம், நமக்கு மழையில் அது எங்கே! பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் கோட்டிங் உள்ள கம்பியே போடுங்கள், சாதாரணக் கம்பி உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாங்கிய அன்று திரும்பும் வழியில் பஸ்ஸில் எஞ்சின் பக்கத்து சீட் கிடைத்தால், அந்தச் சூட்டில் கிட்டாரை வைக்காமல் பின்னால் நின்றுகொண்டே வந்துவிடுங்கள்.