ஆட்டோகாக்கரின் முன்பகுதியில் கை வைக்கும் முன்

பெயிண்ட்பால் மார்க்கரில் (வண்ணப் பந்து சுடும் விளையாட்டுத் துப்பாக்கியில்) சொந்தமாகக் காற்று வேலை செய்து பார்க்க நினைப்பவருக்கு ஆட்டோகாக்கரை விட நல்ல பாடம் இல்லை. ஸ்னைப்பர் என்ற பம்ப் மார்க்கரில் கை செய்த வேலையைக் காற்றிடம் கொடுத்து, அமெரிக்காவின் பட் ஓர் உருவாக்கியது இது. பேரலுக்குக் கீழே எல்லாமே வெளியில் தெரியும்: காற்றழுத்தத்தைக் குறைக்கும் சின்ன ரெகுலேட்டர், காற்றைத் திருப்பிவிடும் த்ரீ-வே வால்வு, காற்றால் நகரும் பிஸ்டனான ராம், இடையே மெல்லிய ஹோஸ்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, பந்து மெதுவாகப் போகிறது என்று அந்தச் சின்ன ரெகுலேட்டரைத் திருகுவது. ராம் என்பது பம்ப் அடித்த கைக்குப் பதிலாக வந்தது, அவ்வளவுதான். பந்தைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட் சேர்ந்த பின் பிளாக்கைப் பின்னுக்கு நகர்த்தும், அடுத்த பந்து விழுந்ததும் மூடும். வேகத்தைத் தீர்மானிப்பது சுடும் காற்றைச் சீராக்கும் பிரதான ரெகுலேட்டரும், வால்வைத் தட்டும் ஹேமரின் ஸ்பிரிங்கும். முன்னால் அழுத்தத்தை ஏற்றினால் போல்ட் ஓங்கி மூடி, பாதி இறங்கிய பந்தை நறுக்கிவிடும். முழுக்க இறக்கிவிட்டு, சுட்டுக்கொண்டே மெல்ல ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் தவறாமல் காக் ஆக (அடுத்த ஷாட்டுக்குத் தயாராக) தொடங்கியதும், இன்னும் ஒரு பொட்டு ஏற்றி நிறுத்துங்கள்.

அப்புறம் ஹோஸ். ராமுக்குப் போகும் இரண்டும் இடம் மாறினால், காற்று கொடுத்ததும் பின் பிளாக் திறந்தே நிற்கும். எதுவும் உடையவில்லை, இரண்டையும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். ஹோஸைக் கத்தரிக்கோலால் வெட்டினால் முனை நசுங்கும். புது பிளேடால் நேராக வெட்டுங்கள். பழைய ஹோஸைக் கழற்றும்போது அதே பிளேடை, ஹோஸ் மாட்டும் பித்தளை முனை (பார்ப்) வரை இறக்கிவிடாதீர்கள். பித்தளையில் முடி அளவு கீறல் விழுந்தால் போதும், எத்தனை புது ஹோஸ் மாட்டினாலும் அங்கே, கசிவு பார்க்கத் தடவும் சோப்பு நுரை பொங்கும். நான் இப்படி ஒரு மாலை முழுவதும் ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். டெஃப்லான் டேப்பும் வேண்டாம். அதன் நூல் பிரிந்து வால்வுக்குள் போய் உட்காரும். த்ரெட் சீலன்ட் ஒரு துளி போதும்.

இனி சொல்வதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்டது. மெல்லிய ஹோஸ் சின்ன ரெகுலேட்டருக்குப் பிறகு மட்டும்தான். அதற்கு முன்னால் ஓடும் அழுத்தத்துக்கு அது தாங்காது. கார்பன் டை ஆக்சைடு டேங்கில் சாதாரண வெப்பத்திலேயே 850 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 850 பவுண்டு) அழுத்தம் இருக்கும், வெயிலில் ஏறும். திரவமாகவே உள்ளே பாய்ந்தால் ஓ-ரிங்கையும், மின்சார மாடல் என்றால் சோலனாய்டு வால்வையும் உறைய வைத்துக் கெடுக்கும். அதனால் இந்த வேலைக்கு அழுத்தக் காற்று டேங்க்தான் நல்லது. அதிலும் 3000 அல்லது 4500 பி.எஸ்.ஐ. அடைத்திருக்கும், நிரப்பும் முனையில் எண்ணெய் ஒரு சொட்டுகூட விடக் கூடாது, தீப்பிடிக்கும். டேங்கைக் கழற்றும்போது, மார்க்கரில் இருந்து டேங்க் கழல்கிறதா, டேங்கிலிருந்து வால்வு கழல்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது நடந்து அமெரிக்காவில் உயிர்கள் போயிருக்கின்றன. வால்வுக்கும் டேங்குக்கும் குறுக்கே நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் அதைத் தொடாமல், பயிற்சி உள்ளவரை அழையுங்கள்.

டேங்க் கழன்ற பிறகும் உள்ளே ஒரு குண்டுக்கான காற்று மிச்சம் இருக்கும். பேரலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, சத்தம் நிற்கும் வரை சுட்டுக் காலி செய்த பிறகுதான் ஸ்பானர். வேலை முடிந்ததும், மாற்றியது ஒரு ஹோஸ்தான் என்றாலும், முகக்கவசத்தோடு, பந்தின் வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் சுட்டுப் பாருங்கள். நொடிக்கு 300 அடிக்கு மேல் காட்டினால் களத்துக்குள் கொண்டு போகாதீர்கள்.