தான்சானியாவில் கணக்குப் பாடம் நடத்தப் போகிறீர்களா? சுவாஹிலியை இப்படித் தொடங்குங்கள்

"ஆங்கிலத்தில்தானே பாடம், சுவாஹிலி எதற்கு?" என்று நினைத்து விமானம் ஏறிவிடாதீர்கள். தான்சானிய அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பாடமெல்லாம் சுவாஹிலியில்தான். உயர்நிலைக்கு வந்ததும் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறும். முதல் படிவத்துக்கு (உயர்நிலையின் முதல் வகுப்பு) வரும் பிள்ளைகளில் பலருக்கு நாம் பேசும் ஆங்கிலம் பிடிபடாது.

அங்கே மொரோகோரோ என்ற ஊர்ப் பக்கம், வேலைக்கு முந்தைய பயிற்சியின்போது ஒரு குடும்பத்தோடு தங்கினேன். காலையில் மொழி வகுப்பு. ஆனால் பேச்சு வந்தது மாலையில், அவர்கள் அடுப்படியில். வீட்டு அம்மாவோடு அரிசியில் கல் பொறுக்க உட்காருங்கள். கையில் கிடைத்ததைக் காட்டி "ஹீ நி நினி?" (இது என்ன?) என்று கேளுங்கள். வேகமாகப் பேசினால் "போலேபோலே" என்றால் போதும், நிதானமாகச் சொல்வார்கள்.

முதலில் முகமன். பெரியவர்களைக் கண்டால் "ஷிகாமோ", பதில் "மரஹபா". அதோடு நகர்ந்துவிடக் கூடாது. வீடு, வேலை, பிள்ளைகள் என்று நலம் விசாரித்துவிட்டுத்தான் காரியம் பேச வேண்டும்.

இலக்கணத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. படித்தேன், படித்தாள் என்று நாம் ஆளைக் கடைசியில் ஒட்டுகிறோம். அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள். நி-லி-சோமா, நான் படித்தேன். அ-லி-சோமா, அவள் படித்தாள். நடுவில் லி இறந்தகாலம், னா நிகழ்காலம், தா எதிர்காலம். இவற்றை முதல் வாரமே மனப்பாடம் செய்துவிடுங்கள். கிதாபு (புத்தகம்), விதாபு (புத்தகங்கள்) போன்ற பெயர்ச்சொல் வகைகள் மெல்ல வரட்டும், தப்பினாலும் புரிந்துகொள்வார்கள்.

மணி விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அவர்கள் மணி எண்ணுவது விடியலில் தொடங்கும். "சா மோஜா", அதாவது ஒரு மணி என்றால், நம் கடிகாரத்தில் காலை 7. யாராவது நேரம் சொன்னால் 6 கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வகுப்பறை. "ம்மேலேவா?" (புரிந்ததா?) என்று கேட்காதீர்கள். புரியாவிட்டாலும் மரியாதைக்காக மொத்த வகுப்பும் "ந்தியோ" (ஆமாம்) என்றுதான் சொல்லும். "உமேபாதாஜே ஜிபு?" (விடை எப்படி வந்தது?) என்று ஒரு பிள்ளையிடம் கேட்டுக் கரும்பலகைக்கு அழையுங்கள். அந்தப் பிள்ளை சுவாஹிலியிலேயே விளக்கட்டும். எந்த வரியில் தடுக்கிறது என்று தெரிந்துவிடும். இதைப் பயிற்சி நாட்களிலேயே, தங்கியிருக்கும் வீட்டுப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை வைத்துப் பழகிக்கொள்ளலாம்.