லாரி கிரவுனுக்கு ஆயில்: கேனில் முதலில் பார்க்க வேண்டியது எது?

“கிரவுனுக்கு எய்ட்டி நைன்டி ஒரு கேன் குடுங்க.” ஆயில் கடையில் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறோம். இதில் பாதி விஷயம்தான் இருக்கிறது. 80டபிள்யூ-90 என்பது ஆயிலின் தடிமனை மட்டும் சொல்லும். கிரவுன் (பின் ஆக்சிலில் சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) பற்களைக் காப்பாற்றும் சங்கதி அதே கேனில் சின்ன எழுத்தில், அமெரிக்க பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயின் தரக் குறியீடாக இருக்கும்: ஏபிஐ ஜிஎல்-4 அல்லது ஏபிஐ ஜிஎல்-5. பின் ஆக்சிலைப் பொறுத்தவரை பெரிய செலவு வைக்கிற தவறு, இந்த எழுத்தைப் பார்க்காமல் வாங்குவதுதான்.

பல லாரிகளின் பின் ஆக்சிலில் இருப்பது ஹைபாய்டு வகைப் பல். பினியன், கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் விலகி நிற்கும். அதனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, அழுத்தத்தில் இழுத்துத் தேய்த்துக்கொண்டும் போகின்றன. சேலத்திலிருந்து முழு லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும் வண்டியில் வெறும் எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்துக்குத் தாங்காது, பிதுங்கி விலகிவிடும். ஜிஎல்-5 ஆயிலில் சேர்த்திருக்கும் கந்தகம், பாஸ்பரஸ் கலவைகள் அப்போதுதான் வேலைக்கு வருகின்றன. சூடேறிய இரும்போடு வினைபுரிந்து பல்லின்மேல் தோல்போல மெல்லிய ஒரு படலமாகப் படிகின்றன. தேய்வது அந்தப் படலம், பல் தப்பிக்கும். ஜிஎல்-4 ஆயிலில் இந்தக் கலவை ஏறக்குறைய பாதிதான். அதையே ஹைபாய்டு கிரவுனில் ஊற்றி ஓட்டினால் பல்லில் கீறல் விழும். கியர் ஆயிலுக்கே உரிய அந்தக் காட்டமான வாடையை வைத்து எது எது என்று கண்டுபிடிக்க முடியாது, இரண்டிலும் வாடை வரும்.

சரி, உசத்தியான ஜிஎல்-5ஐயே கியர் பாக்ஸுக்கும் ஊற்றிவிடலாமா? கூடாது. சிங்க்ரோ (கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் வளைய அமைப்பு) உள்ள பல கியர் பாக்ஸ்களுக்கு ஜிஎல்-4தான் கேட்டிருப்பார்கள். ஜிஎல்-5 ஊற்றினால் சிங்க்ரோ வளையம் சரியாகப் பிடிக்காமல் வழுக்கும். அது பித்தளையாக இருந்தால் கந்தகம் அரிக்கவும் செய்யலாம். கேனில் மிச்சம் இருக்கிறதே என்று இரண்டுக்கும் பங்கு போடுவதில்தான் இந்தக் குழப்பம் அதிகம் நடக்கிறது.

தடிமன் விஷயத்துக்கு வருவோம். கிரவுன் சத்தம் போட்டால் இன்னும் தடிமனான 140 ஊற்றச் சொல்வார்கள். சத்தம் கொஞ்சம் அடங்கலாம். ஆனால் பேரிங் தேய்ந்ததும், பல் இடைவெளி கூடியதும் அப்படியேதான் இருக்கும். அவை முற்றிய பிறகுதான் வெளியே தெரியும். வெயிலில் கனமான லோடு இழுக்கும் சில வண்டிகளுக்குக் கம்பெனியே 85டபிள்யூ-140 கேட்டிருக்கும். அங்கே அதுதான் சரி. கேட்காத வண்டியில் ஊற்றினால் டீசல்தான் கூடும். வடக்கே குளிருக்குப் போகும் வண்டியென்றால் இன்னும் கவனம் வேண்டும். குளிரில் ஆயில் ரொம்பக் கெட்டியாகாமல் இருக்கிறதா என்று 85டபிள்யூ தரத்தைச் சோதிப்பது மைனஸ் 12 டிகிரியில்தான். லடாக்கின் லே பக்கம் குளிர்காலத்தில் குளிர் அதையும் தாண்டிப் போகும். இன்னொன்று: 90 என்பதை இன்ஜின் ஆயிலின் 40, 50 எண்களோடு ஒப்பிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். 90 கியர் ஆயிலின் தடிமன் கிட்டத்தட்ட 40 அல்லது 50 இன்ஜின் ஆயிலின் தடிமன்தான்.

சரியான ஆயிலை வாங்கியும் ஊற்றும்போது கெடுப்பவர்கள் உண்டு. வண்டி ஓடி வந்த சூட்டோடு, சமதளத்தில் நிறுத்தி மாற்றுங்கள். டிரெயின் பிளக்கில் கை வைக்கும் முன் மேலே உள்ள லெவல் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், பழைய ஆயிலைக் கொட்டிவிட்டுப் புதியதை எங்கே ஊற்றுவது? டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசைபோல ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் உறுத்துகிற அளவு துண்டு இருந்தால் ஆயிலை மாற்றி அனுப்பிவிடாமல் கிரவுனைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

புது ஆயில் லெவல் ஓட்டையின் கீழ் விளிம்பைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். இருக்கட்டுமே என்று மேலே ஊற்றினால் நுரைக்கும், சூடேறும், சீல் வழியாகக் கசியும். ஆக்சில் ஹவுசிங்கின் மேலே இருக்கும் சின்ன ப்ரீதரை (உள்ளே காற்று போய்வரும் துவாரம்) யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது மண்ணடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் ஹப் சீலைத் தாண்டி பிரேக் லைனிங்கில் இறங்கும். பிறகு பிரேக் பிடிக்காது. சீலை மட்டும் மாற்றி அனுப்பினால் அடுத்த சீலும் அதே மாதிரி போகும். ப்ரீதரைக் கழற்றிக் கழுவி, ஊதிப் பார்த்து மாட்டுங்கள்.

ஹப் ரிடக்‌ஷன் (சக்கரத்தின் ஹப்பிலேயே வேகத்தைக் குறைக்கும் தனி கியர்) உள்ள டிப்பர்களில் ஹப்புக்குத் தனி ஆயில், தனி பிளக். நடுக் கிரவுனோடு வேலை முடிந்துவிடாது. புதிய கிரவுன், பினியன் செட் போட்ட வண்டியில் முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பற்கள் பழகும்போது உதிரும் இரும்புத் தூள் அந்த ஆயிலில்தான் கலந்திருக்கும்.