பரோலோ ஒயின்: வாங்கும்போதும் திறக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் சிவப்பு ஒயினான பரோலோவை நிறத்தைப் பார்த்து எடைபோடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. கோப்பையில் ஊற்றினால் வெளிர்ந்த சிவப்பாக, அடியில் தாள் வைத்தால் எழுத்தே தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். சில ஆண்டுகள் ஆன பாட்டிலில் ஓரமெல்லாம் செங்கல் நிறம் தட்டியிருக்கும். லேசான ஒயின்தானே என்று வாய் நிறையக் குடித்தால் ஈறும் நாக்கும் சட்டென்று இறுகிப் போகும். பரோலோ செய்யப்படும் நெபியோலோ திராட்சையின் குணம் அது. நிறம் குறைவு, துவர்ப்பைத் தரும் டானின் மிக அதிகம், புளிப்பும் அதிகம். ஆல்கஹால் குறைந்தது 13 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி, இப்போது வரும் பெரும்பாலான பாட்டில்களில் 14 அல்லது அதற்கு மேல். கருஞ்சிவப்பாக இருந்தால்தான் கனமான ஒயின் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இரண்டாவது தவறு, எல்லா பரோலோவும் ஒன்று என்று நினைப்பது. வடமேற்கு இத்தாலியின் பீட்மாண்ட் மாநிலத்தில், ஆல்பா நகருக்குத் தென்மேற்கே உள்ள லாங்கே குன்றுகளில் 11 ஊர்களின் எல்லைக்குள் விளையும் நெபியோலோவுக்கு மட்டும்தான் இந்தப் பெயர் உண்டு. வேறு திராட்சை எதையும் கலக்கக்கூடாது. 1980 முதல் இத்தாலியின் மிக உயர்ந்த தரச் சான்றான டி.ஓ.சி.ஜி. இதற்கு இருக்கிறது. இந்தத் திராட்சை சீக்கிரம் துளிர்த்து, தாமதமாகப் பழுக்கும். வழக்கமாக அக்டோபர் வரை கொடியிலேயே காத்திருக்கும். அதனால் தெற்கு நோக்கி வெயில் விழும் சரிவுகளை இதற்கு ஒதுக்கிவிட்டு, மற்ற இடங்களில் பார்பெரா, டோல்செட்டோ என்ற வேறு திராட்சைகளை நடுவார்கள். குளிர்ந்த பக்கங்களில் ஹேசல்நட் மரங்கள். நியூட்டெல்லா தயாரிக்கும் ஃபெரேரோ நிறுவனம் ஆல்பாவில் பிறந்ததற்கு அந்தக் கொட்டைகளும் ஒரு காரணம்.

இவ்வளவு சிறிய இடத்துக்குள்ளேயே மண் மாறுகிறது, ஒயினும் மாறுகிறது. மேற்கே லா மோர்ரா, பரோலோ ஊர்களின் ஒயினில் மணம் முந்திக்கொண்டு வரும், துவர்ப்பு கொஞ்சம் இளகி இருக்கும். கிழக்கே செர்ரலுங்கா தால்பாவின் ஒயின் இறுகலானது, பல ஆண்டு பொறுமை கேட்கும். ஆகவே லேபிளில் ஊர்ப் பெயரோ தோட்டப் பெயரோ இருந்தால் அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2010 முதல் தோட்டப் பெயர்களுக்கு அதிகாரபூர்வமான எல்லைகளும் உண்டு. கன்னூபி என்ற பெயரைப் பார்த்தால், அது அந்தப் பகுதியின் மிகப் புகழ்பெற்ற சரிவு.

அடுத்தது அவசரம். அறுவடை ஆண்டின் நவம்பர் 1 தொடங்கி 38 மாதங்கள் முதிர்ந்த பிறகே பரோலோவை விற்கலாம். அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் கழிய வேண்டும். ரிசெர்வா என்று போட்டிருந்தால் 62 மாதங்கள். கடைக்கு வந்துவிட்டதே, குடிக்கலாம் என்று பலர் உடனே திறந்துவிடுகிறார்கள். சட்டம் சொல்வது விற்பதற்கான வயதைத்தான். நல்ல ஆண்டின் பாட்டில் பத்து ஆண்டுக்கு மேல்தான் இளகி, ரோஜா, தார், காய்ந்த மூலிகை என்று மணம் விரியும். இன்று இரவே வேண்டும் என்றால் அதே திராட்சையில் செய்த லாங்கே நெபியோலோவை வாங்குங்கள். விலையும் குறைவு, இளமையிலேயே நன்றாக இருக்கும்.

சரி, வாங்கி வைக்கலாம் என்றால் எங்கே வைப்பது? சென்னை, மதுரை வெயிலில் அலமாரியில் வைத்தால் ஒரே கோடையில் ஒயின் வெந்துபோகும். 12 முதல் 14 டிகிரியில் நிலையாக வைக்க வசதி இல்லாதவர்கள், ஏற்கெனவே முதிர்ந்த பாட்டிலை வாங்கிச் சீக்கிரம் குடிப்பதே நல்லது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற பழைய பேச்சையும் நம்பாதீர்கள். அது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்குச் சொன்னது. பரோலோவுக்கு 16 முதல் 18 டிகிரி போதும். 30 டிகிரியில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். பனிக்கட்டி போட்ட தண்ணீரில் பாட்டிலைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் பதமாகிவிடும்.

உணவு விஷயத்தில்தான் அதிகம் கெடுகிறது. டானின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், கொழுப்பும் சேர்ந்தால் துவர்ப்பு தணியும். பீட்மாண்ட்காரர்களின் சமையல் இதற்கென்றே அமைந்தது போல இருக்கும்: ஒயினிலேயே மணிக்கணக்கில் வேகும் மாட்டிறைச்சி பிரசாத்தோ, இறைச்சி அடைத்த சின்ன அக்னோலொத்தி, முட்டை மஞ்சள்கரு நிறையச் சேர்த்த ‘தாயரின்’ என்ற மெல்லிய நூடுல்ஸ் மேல் வெண்ணெய், கூனியோ மலைகளின் காஸ்தெல்மாஞ்ஞோ பாலாடைக்கட்டி. இலையுதிர் காலத்தில் மண்ணுக்கடியில் விளையும் காளான் வகையான ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிள். ஆனால் அந்த மென்மையான மணத்துக்கு இளம் பரோலோவை வைத்தால் ட்ரஃபிள் காணாமல் போய்விடும். அதற்கு முதிர்ந்த பாட்டில்தான் சரி.

மீனோடு வேண்டவே வேண்டாம், வாயில் இரும்புச் சுவை தட்டும். மிளகாய்க் காரமும் ஆகாது. ஆல்கஹால் காரத்தை எரிச்சலாக்கும், துவர்ப்பு அதை இன்னும் முரடாக்கும். காரசாரமான செட்டிநாட்டு மட்டனுக்குப் பக்கத்தில் இந்த ஒயினை வைப்பது இரண்டுக்கும் அநியாயம். காரம் குறைத்து, நெய்யில் மெதுவாக வெந்த ஆட்டுக்கறி என்றால் தாராளமாகச் சேரும். சைவத்துக்குக் காளான் ரிசோத்தோ (குழைவான இத்தாலிய அரிசி உணவு) நன்றாகப் பொருந்தும்.

அப்புறம், திறந்த கையோடு ஊற்றாதீர்கள். இளம் பாட்டில் என்றால் வாய் அகன்ற ஜாடியில் ஊற்றி இரண்டு மணி நேரமாவது விடுங்கள். வயதான பாட்டிலுக்கு இது நேர்மாறு. முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து வண்டலைக் கீழே படிய விட்டு, குடிக்கும் நேரத்தில் மெல்ல வடித்தால் போதும். நெடுநேரம் காற்றில் விட்டால் எஞ்சிய மணமும் போய்விடும்.